அஞ்ஞானிப் படை: அமோன் அமார்த்தின் புதிய ஆல்பமும் ரெப்டன் எலும்புகளும்

அமோன் அமார்த்தின் பன்னிரண்டாவது ஆல்பம் 2022 ஆகஸ்ட் 5-ம் தேதி வந்தது. அன்னைக்குக் காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு முன்னாடியே ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டேன். மொத்தம் ஒன்பதே பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆல்பம் பழசாகிக்கொண்டிருக்கும்போது இப்போது எழுத உட்காருகிறேன். பாதி காரணம் சோம்பல். மீதிப் பாதி அந்த ஆல்பத்தின் பெயர்: 'தி கிரேட் ஹீதன் ஆர்மி'.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் டும்பா என்று ஒரு ஊர். அந்த நாட்டு ரிசர்வ் வங்கி நோட்டு அடிக்கக் காகிதம் தயாரித்த பழைய ஆலை இருக்கிற ஊர். அங்கே 1992-ல் உருவான டெத் மெட்டல் குழு இது. பெயரை டோல்கீனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பாடுவதெல்லாம் வைகிங்குகளைப் பற்றி. பாடகர் யோஹான் ஹெக், தாடியும் இடுப்பில் கொம்புக் கோப்பையுமாக மேடையில் நிற்கும் ஆறடிக்கு மேற்பட்ட மனிதர். அவருடைய உறுமலை முதல்முறை கேட்கிறவர்கள் இவருக்குத் தொண்டையில் என்ன வியாதி என்று கேட்பார்கள். என் வீட்டில் கேட்டார்கள். கச்சேரியில் ரசிகர்கள் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து துடுப்பு போடுவது போலக் கையை ஆட்டுவார்கள். ஆயிரக்கணக்கான பேர் கப்பலே இல்லாமல் துடுப்பு வலிக்கிற வீடியோக்கள் யூட்யூபில் கிடைக்கும், பாருங்கள்.

நான் உள்ளே வந்தது 2008-ல். நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் கூட இருந்த ஒருத்தன் தூக்கம் வராமல் இருக்க ஒரு பென்டிரைவ் கொடுத்தான். அதில் 'ட்விலைட் ஆஃப் தி தண்டர் காட்' இருந்தது. தூக்கம் போனது உண்மை. கூடவே யார் இந்த தோர், எதற்கு அந்தப் பாம்போடு சண்டை போட்டுச் சாகிறான் என்று படிக்க ஆரம்பித்து, எட்டா, சாகா, ஆங்கிலோ-சாக்ஸன் குரோனிக்கிள் என்று போய், கடைசியில் அகழாய்வு அறிக்கைகளில் வந்து நின்றேன். இந்தப் பதிவுத்தளத்தில் நான் எழுதுகிற பாதி விஷயத்துக்கு மூலகாரணம் அந்த பென்டிரைவ்தான். அதனால் இந்தக் குழுவைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பாட்டு. 2019-ல் வந்த 'பெர்செர்க்கர்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நன்றாகத் துடைத்துப் பாலிஷ் போட்ட மாதிரி இருந்தது. அதில் ஒரு பாட்டு, 1066-ல் ஸ்டாம்ஃபர்ட் பாலத்தில் தன்னந்தனியாக நின்று ஒரு படையைத் தடுத்த கோடாலிக்காரனைப் பற்றியது, அது மட்டும்தான் இன்றைக்கும் கேட்கிறேன். புதிய ஆல்பத்தில் சத்தம் மறுபடியும் கனமாகியிருக்கிறது. கிட்டார் சுருதி வயிற்றில் இறங்குகிறது. தலைப்புப் பாட்டு நல்ல பாட்டு. 'ஹெய்த்ரூன்' என்பது வால்ஹல்லாவின் கூரைமேல் நின்று இலை மேயும் ஆட்டைப் பற்றியது. அதன் மடியிலிருந்து பாலுக்குப் பதில் மது சுரக்கும், செத்துப்போன வீரர்கள் அதைக் குடிப்பார்கள். இப்படி ஒரு ஆட்டுக்கு ஒரு மெட்டல் பாட்டு எழுத இத்தனை வருஷம் ஏன் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒன்றிரண்டு பாட்டு இடத்தை நிரப்ப வந்தவை. 'ஃபைண்ட் எ வே ஆர் மேக் ஒன்' கேட்டால் ஏதோ கார்ப்பரேட் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.

சரி, தலைப்பு.

ஹீதன் என்ற சொல்லுக்குப் பழைய மிஷனரித் தமிழில் 'அஞ்ஞானி' என்று போடுவார்கள். அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பிரசுரங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், அஞ்ஞானிகள் என்றால் அதில் நம் தாத்தா பாட்டியெல்லாம் அடக்கம். ஆக ஆல்பத்தின் பெயர் தமிழில் 'மாபெரும் அஞ்ஞானிப் படை'. யாராவது தன்னைத்தானே அஞ்ஞானி என்று சொல்லிக்கொள்வார்களா? இந்தப் பெயர் எதிரி வைத்தது. 865-ம் ஆண்டு கிழக்கு ஆங்கிலியாவில் வந்து இறங்கிய படையைப் பற்றி ஆங்கிலோ-சாக்ஸன் குரோனிக்கிள் பயன்படுத்துகிற சொல் அது. அந்தக் குரோனிக்கிள் தொகுக்கப்பட்டது 890-களில், ஆல்ஃப்ரெட் ஆண்ட காலத்தில். அதாவது அந்தப் படையைக் கடைசியில் ஜெயித்த தரப்பு எழுதிய கணக்கு.

படை என்பதற்கு அதில் இருக்கும் பழைய ஆங்கிலச் சொல் 'ஹெரெ'. தங்கள் படைக்குப் பெரும்பாலும் 'ஃபியர்ட்' என்று வேறு சொல் போடுவார்கள். இந்த ஹெரெவுக்கு ஒரு சட்ட விளக்கமே உண்டு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட வெஸெக்ஸ் அரசர் இனேயின் சட்டம் சொல்கிறது: ஏழு பேர் வரை வந்தால் திருடர்கள், ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை என்றால் கொள்ளைக் கூட்டம், அதற்கு மேல் போனால் ஹெரெ. என்னை மாதிரி ஆட்களுக்கு இது தேன். மூன்று நிலை, இரண்டு எல்லை, அப்படியே கோடாக எழுதிவிடலாம். ஆனால் இதன் அர்த்தம் என்னவென்றால், முப்பத்தாறு பேர் வந்தாலும் அது 'படை'தான். அப்படியானால் 'மாபெரும் படை' எவ்வளவு பெரிது?

இதற்கு வரலாற்றாசிரியர்கள் அறுபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். பீட்டர் சாயர் 1962-ல் எழுதிய புத்தகத்தில், துறவிகள் பயத்தில் பெருக்கிச் சொன்னார்கள், உண்மையில் சில நூறு பேர்தான் இருப்பார்கள் என்றார். ரொம்ப நாள் அதுவே அறிவாளித்தனமான கருத்தாக இருந்தது. பிறகு டார்க்ஸி வந்தது. லிங்கன்ஷயரில் ட்ரெண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த இடத்தில்தான் படை 872-73 குளிர்காலத்தைக் கழித்தது என்று குரோனிக்கிள் சொல்லும். இன்றைக்கு வெறும் வயல். மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகத் தேடுகிறவர்கள் பல வருஷமாக அங்கே பொறுக்கிய சாமான்களை டான் ஹாட்லி, ஜூலியன் ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தி வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். முகாமின் பரப்பு 55 ஹெக்டேர். நம் கணக்கில் 135 ஏக்கருக்கு மேல். சில நூறு பேர் தங்க அவ்வளவு இடம் எதற்கு?

கிடைத்த சாமான்தான் இன்னும் சுவாரசியம். வாள், கோடாலி என்று நினைப்பீர்கள். முந்நூறு வாக்கில் ஈயத்தால் செய்த விளையாட்டுக் காய்கள். எடைக்கற்கள். துண்டு துண்டாக வெட்டிய வெள்ளி. நூல் நூற்கும் தக்களி. உலோகத்தை உருக்கிய அடையாளங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அரபு திர்ஹம் நாணயத் துண்டுகள். குளிர்காலம் முழுக்க இந்த மாபெரும் அஞ்ஞானிப் படை ஆடு புலி ஆட்டம் மாதிரி ஏதோ ஆடிக்கொண்டும், துணி தைத்துக்கொண்டும், வெள்ளியை எடை போட்டுக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறது. படை என்பதைவிட நடமாடும் ஊர் என்று சொல்லலாம்.

அடுத்த குளிர்காலம், 873-74, ரெப்டன். இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் அங்கே போயிருக்கிறேன்.

2014-ல் ஆன்சைட் வேலையாக நாட்டிங்ஹாமில் ஐந்து மாதம் இருந்தேன். (அந்த ஊரிலும் 868-ல் இதே படை குளிர்காலம் போட்டிருந்தது. மெர்சியாவும் வெஸெக்ஸும் சேர்ந்து முற்றுகை போட்டும் வெளியே இழுக்க முடியவில்லை.) ஒரு சனிக்கிழமை ரயிலில் டெர்பி போய், அங்கிருந்து பஸ் பிடித்து ரெப்டனில் இறங்கினேன். மழை. சின்னக் கிராமம், ஒரு பெரிய பள்ளிக்கூடம், ஊசி மாதிரி கோபுரம் வைத்த செயின்ட் விஸ்டன் தேவாலயம். உள்ளே படி இறங்கினால் ஒரு நிலவறை. மெர்சியா அரசர்களைப் புதைத்த இடம். முறுக்கிய கயிறு மாதிரி செதுக்கிய நான்கு தூண்கள், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கூரை தலையில் இடிக்கிற மாதிரி இருக்கும். நான் மட்டும் இருந்தேன். மொபைலில் பாட்டுப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போடவில்லை.

வெளியே பார்க்க ஒன்றுமில்லை. புல். மார்ட்டின் பிடில், பிர்தே கோல்பி-பிடில் என்ற தம்பதி 1974-லிருந்து 1988 வரை அங்கே தோண்டினார்கள். ஆற்றைப் பார்த்து D எழுத்து வடிவத்தில் ஒரு அகழி, அதில் தேவாலயத்தையே கோட்டை வாசல் மாதிரி வைத்திருக்கிறார்கள். அரசர்களின் கல்லறைக் கோயில், புனித விஸ்டனின் எலும்பு இருந்த இடம், அதை வாசல்கதவாக்கியிருக்கிறார்கள். தேவாலயச் சுவரை ஒட்டி ஒரு வீரனின் குழி: கழுத்தில் தோரின் சுத்தியல், பக்கத்தில் வாள், தொடைகளுக்கு நடுவே ஒரு காட்டுப்பன்றித் தந்தம். இடுப்புக்குக் கீழே வெட்டு விழுந்து இழந்த உறுப்புக்குப் பதிலாக அந்தத் தந்தத்தை வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். வால்ஹல்லாவுக்குப் போகும்போது குறையோடு போகக்கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பக்கத்துக் குழியில் இன்னொரு இளைஞன். பிற்பாடு டிஎன்ஏ பார்த்ததில் அப்பாவும் மகனும் என்று சொன்னார்கள்.

கொஞ்சம் தள்ளி, பாதிரியார் வீட்டுத் தோட்டத்து மேட்டுக்குக் கீழே, குறைந்தது 264 பேரின் எலும்புகள் ஒன்றாகக் குவிக்கப்பட்டிருந்தன. படையில் செத்தவர்கள் என்றார் பிடில். ஆனால் கார்பன் தேதி பார்த்தால் சில எலும்புகள் ஏழாம், எட்டாம் நூற்றாண்டு என்று காட்டின. படை வருவதற்கு நூறு இருநூறு வருஷம் முன்னாடி. அப்படியானால் பழைய மடத்துக் கல்லறையைக் கிளறிக் குவித்ததாகவும் இருக்கலாம். நான் போனபோது விஷயம் இப்படித்தான் தொங்கலில் இருந்தது.

2018-ல் காட் ஜார்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் எழுதிய கட்டுரை வந்தது. ஆபீஸ் பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். விஷயம் எளிது. கடலில் இருக்கும் கார்பன் பழசு. கடல் மீன் நிறையச் சாப்பிடுகிறவன் உடம்பில் அந்தப் பழைய கார்பன் சேரும். அவன் எலும்பைச் சோதித்தால் உண்மையான தேதியைவிட முந்தின தேதி காட்டும். இந்த 264 பேரில் பலர் மீன் தின்றவர்கள். அவரவர் தின்ற அளவுக்குத் திருத்தம் போட்டதும் எல்லாத் தேதியும் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோடு, படை அங்கே தங்கிய அந்தக் குளிர்காலத்தோடு பொருந்தி வந்தது. ஒவ்வொரு சர்வரிலும் கடிகாரம் வேறு வேறு அளவில் தப்பாக ஓடி, லாக்கில் எந்தச் சம்பவமும் ஒத்துப்போகாமல் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

அந்தக் குவியலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள். பக்கத்தில் இன்னொரு குழியில் நான்கு சிறுவர்கள், ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்கள். 2023 பிப்ரவரியில் வந்த இன்னொரு ஆய்வு: ரெப்டனிலிருந்து சில மைல் தூரத்தில் ஹீத் வுட் என்ற காட்டில் 59 மேடுகள், படையினரைத் தகனம் செய்த இடம். அங்கே மனித எலும்போடு கிடைத்த குதிரை, நாய் எலும்புகளில் ஸ்ட்ரான்ஷியம் அளந்தால், அவை வளர்ந்தது ஸ்காண்டிநேவியப் பக்கம் என்று வருகிறது. படை இங்கே வந்துதான் குதிரை வாங்கியது என்று குரோனிக்கிள் எழுதியிருந்தது. எல்லாக் குதிரையும் இல்லை போலிருக்கிறது. கடலைத் தாண்டி ஒரு சின்னக் கப்பலில் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவன் எவனோ இருந்திருக்கிறான். செத்தபோது அவனோடு சேர்த்து எரித்திருக்கிறார்கள்.

இப்போது மறுபடி ஆல்பத்துக்கு வருகிறேன். இதில் ஒரு பாட்டு, 'சாக்ஸன்ஸ் அண்ட் வைகிங்ஸ்'. இரண்டு தரப்பும் மோதுகிற பாட்டு. சாக்ஸன் தரப்புக்குக் குரல் கொடுக்க 'சாக்ஸன்' என்ற பழைய பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் பிஃப் பைஃபர்டையே கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்டதும் சிரித்துவிட்டேன், நல்ல யோசனை. ஆனால் பைஃபர்ட் யார்க்ஷயர்காரர். அது சாக்ஸன்களின் நாடே கிடையாது, ஆங்கிள்களின் நார்தம்ப்ரியா. 866-ல் இந்தப் படை யார்க்கைப் பிடித்தது. 876-ல் ஹால்ஃப்டன் என்ற தலைவன் அந்த நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான், அவர்கள் உழுது பிழைக்க ஆரம்பித்தார்கள் என்று குரோனிக்கிளே சொல்கிறது. யார்க்ஷயரை மூன்றாகப் பிரித்து 'ரைடிங்' என்பார்கள். அது குதிரைச் சவாரி இல்லை, 'மூன்றில் ஒரு பங்கு' என்று பொருள் தரும் நோர்ஸ் சொல்லின் தேய்வு. ஆக சாக்ஸனாக நின்று பாடுகிறவர் வைகிங் பங்கு போட்ட மண்ணில் பிறந்தவர். ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப்பின் ஸ்டுடியோ டெர்பிஷயரில் இருக்கிறது. ரெப்டன் இருக்கிற அதே மாவட்டம். டெர்பி என்ற பெயரே டேனியர்கள் வைத்தது, அதற்கு முன் அந்த ஊருக்கு நார்த்வர்த்தி என்று பெயர். இந்தக் குழு அந்தப் படையைப் பற்றிப் பாடியதை அந்தப் படை பெயர் வைத்த ஊருக்குப் பக்கத்துக்காரர் ஒலி சேர்த்திருக்கிறார். இதை அவர்கள் பேட்டியில் பேசினார்களா என்று தேடவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருக்கும்.

உழுது பிழைத்தவர்கள் வெறும் ஊர்ப்பெயரோடு நிற்கவில்லை. லா, எக், ஸ்கை, ஹஸ்பண்ட், 'தே' எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். விண்டோவும்தான், 'காற்றின் கண்' என்று அர்த்தம். நம் பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்', காற்று வரும் வழி. எங்கெங்கோ இருந்த ஆட்கள் சுவரில் ஒரு ஓட்டையைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

869-ல் இந்தப் படை கிழக்கு ஆங்கிலியா அரசன் எட்மண்டைக் கொன்றது. 878-ல் எடிங்டன் போரில் தோற்ற தலைவன் குத்ரும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். ஆல்ஃப்ரெடே ஞானத்தகப்பன். ஏதெல்ஸ்டன் என்று புதுப் பெயர், அந்தப் பெயரிலேயே நாணயமும் அடித்தான். 895 வாக்கில் கிழக்கு ஆங்கிலியாவின் டேனியர்கள் ஆண்ட பகுதியில் அச்சான நாணயங்களில் 'புனித எட்மண்ட்' என்று பொறித்திருக்கிறது. அவர்களுடைய அப்பாக்கள் கொன்ற அரசன். ஒரு தலைமுறைக்குள். மெட்டல் பாட்டுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ஒருவேளை தோரின் சுத்தியலைக் கழற்றி வைத்துவிட்டு ஏர் பிடிப்பதைப் பாடினால் டிக்கெட் விற்காது.

இதுவரைக்கும் ஒரு ரசிகனின் செல்லச் சண்டை. இனிமேல் சொல்வதுதான் எழுதத் தயங்கியது.

ஆல்பம் வந்த புதிதில் காரில் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் ஒன்பதாவது படிக்கிற மகள். தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அப்பா, இவங்க ஆளுங்களைப் புடிச்சிட்டுப் போய் வித்தவங்கதானே? அதை ஏன் இவ்ளோ சந்தோஷமாப் பாடுறாங்க?" நான் சொன்ன பதில், "அந்தக் காலத்துல எல்லாருந்தான்மா செஞ்சாங்க." அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. வேறு யாராவது வேறு எதைப் பற்றியாவது இதே பதிலைச் சொல்லியிருந்தால் இந்தத் தளத்தில் ஆயிரம் வார்த்தைக்குத் திட்டி எழுதியிருப்பேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். டார்க்ஸியில் கிடைத்த அந்த நூற்றுச் சொச்சம் திர்ஹம் எப்படி லிங்கன்ஷயர் வயலுக்கு வந்தது? கலீஃபா ஆட்சிப் பகுதிகளில் அடித்த வெள்ளி ரஷ்ய ஆறுகள் வழியாக பால்டிக் கடலுக்கு வந்தது. பதிலுக்குப் போனது மென்மயிர்த் தோலும் மனிதர்களும். 922-ல் வோல்கா கரையில் ரூஸ் வியாபாரிகளைப் பார்த்த இப்னு ஃபத்லான், அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்த அடிமைப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மரத்தில் செய்த தெய்வத்தின் முன்னால் விழுந்து, நிறைய தினாரும் திர்ஹமும் வைத்திருக்கிற வியாபாரியை அனுப்பு என்று வேண்டிக்கொண்டார்களாம். மேற்கிலும் அதே கதை. 870-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் கோட்டையை ஓலாஃப், ஐவர் என்ற இருவர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் இருநூறு கப்பலில் ஆங்கிளர், பிரிட்டன், பிக்ட் மக்களைக் கைதிகளாக ஏற்றிக்கொண்டு டப்ளினுக்குத் திரும்பினார்கள் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அந்த ஐவரும் மாபெரும் படையின் ஐவரும் ஒரே ஆள் என்பது பல வரலாற்றாசிரியர்கள் கருத்து.

ரெப்டன் அகழாய்வில் 1982-ல் ஒரு சின்ன மணி கிடைத்தது. ஆரஞ்சு கலந்த சிவப்பு, சூதுபவளம். கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்து நமக்கு நன்றாகப் பழகிய அதே வகைக் கல். ரெப்டன் மணியின் கல் அனேகமாகக் குஜராத்திலிருந்து போனது என்று காட் ஜார்மன் சொல்கிறார். அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து பால்டிக், ரஷ்ய ஆறுகள், பாக்தாத் வழியாக இந்தியா வரை போகிற 'ரிவர் கிங்ஸ்' என்ற புத்தகத்தை 2021-ல் எழுதினார். முதலில் படித்தபோது நம் ஊர் மணி வைகிங் முகாம் வரை போயிருக்கிறதே என்று பெருமையாக இருந்தது, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் மணி எந்த வழியாக வந்ததோ அதே வழியாக எதிர்த் திசையில் யார் போனார்கள் என்பது உறைத்தது.

அந்த 264 பேரில் இருந்த பெண்கள் யார்? மனைவிகளா, கூடவே சண்டை போட்டவர்களா, பிடித்து வைத்திருந்தவர்களா? எலும்பு இதைச் சொல்லாது. நான்கு சிறுவர்கள்?

இரண்டு வாரம் கழித்து மகளிடம் நானே பேச்செடுத்தேன். "நீ கேட்டது சரிதான், வித்தாங்க. அதுலதான் அந்தக் காசெல்லாம் வந்துச்சு," என்றேன். திர்ஹம் படத்தையும் மணியின் படத்தையும் காட்டினேன். அவள் மணியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே அந்தப் பாட்டைக் கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

கேட்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் பொய்யாகிவிடும். தலைப்புப் பாட்டில் டிரம்ஸ் உள்ளே இறங்குகிற இடத்தில் இப்போதும் எனக்குக் கை தானாக ஸ்டீயரிங்கில் தாளம் போடும். யாக்கே வால்கிரென் அடிக்கிற அடி அப்படி. ஆனால் முன்பு இந்தக் குழுவைக் கேட்கும்போது நான் கப்பலில் துடுப்பு வலிக்கிறவனாகத்தான் என்னை நினைத்துக்கொள்வேன். ரசிகர்கள் எல்லாரும் அப்படித்தான், அதற்குத்தான் தரையில் உட்கார்ந்து வலிக்கிறோம். இந்த ஆல்பத்தில் அது நடக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ட்ரெண்ட் கரையில் நான் இருந்திருந்தால் துடுப்புப் பக்கம் இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு, கப்பலின் அடித்தட்டில் கட்டிப் போடப்பட்டிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன். உடம்பு வாகைப் பார்த்தால் எடைக்கல் வைத்து வெள்ளி அளக்கிற கணக்குப்பிள்ளை வேலை கிடைத்திருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஹெக்குக்கு யாராவது ஜார்மனின் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தால் தேவலை. சின்ன வயதிலிருந்து சாகா படித்து வளர்ந்த மனுஷர், பிடித்துக்கொள்வார். டார்க்ஸியின் குளிர்காலத்தை வைத்து மெதுவாக, ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு: வெளியே பனி, உள்ளே ஈயக் காய் நகர்த்துகிற இருவர், தராசு, தக்களி, மூலையில் பேர் தெரியாத ஒரு பெண். மெதுவான பாட்டு அவர்களுக்கு நன்றாக வரும், ஸ்டாம்ஃபர்ட் பாலத்துப் பாட்டில் பார்த்தோம்.

அடுத்த பதிவில் ஹெல்கோ தீவில் கிடைத்த புத்தர் சிலையைப் பற்றி எழுதுகிறேன். டும்பாவிலிருந்து அது ரொம்பத் தூரமில்லை.